நெல்லுக்கு மேல் நெல்

போன வாரம் நம் பழைய மாணவிகள் குழுவில் ஒருத்தி ஒரு நினைவு மலரின் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டாள். கோட்டும் கழுத்து மாலையுமாக என் பெரிய மாமா. கீழே நாலு பத்தி. கண்டி நகரின் அரிசி வணிகர், கொடையாளர், மண்ணின் மனம் அறிந்தவர், ஹேவாஹெட்டப் பள்ளத்தாக்கில் பயிர்ச் சுழற்சி முறையை முதன்முதலில் அறிமுகம் செய்த முன்னோடி. நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போட்டீர்கள். ஒருத்தி, 'அந்தக் காலத்து ஆளுங்களுக்குத்தான் மண்ணைப் பத்தித் தெரியும்' என்று எழுதினாள். இன்னொருத்தி அழுகிற பொம்மை போட்டாள். அவள் என் மாமாவைப் பார்த்ததே கிடையாது.

நான் ஒன்றும் போடவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அறுபது தாண்டியதும் நமக்கெல்லாம் ஒரு நோய் வந்துவிடுகிறது. செத்தவர்கள் அத்தனை பேரும் ஞானிகளாகத் தெரிகிறார்கள். என் மாமா ஞானி இல்லை. பயிர்ச் சுழற்சியை அவர் அறிமுகமும் செய்யவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது. அவர் செய்ததெல்லாம் அதை நிறுத்தியது மட்டும்தான். அந்த ஒன்றரை வருஷத்தின் மூன்று அறுப்பையும் நான் பார்த்தேன். அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

மாமாவுக்கு அரிசி தெரியும். அதை மறுக்க மாட்டேன். குத்தூசியை மூட்டைக்குள் செருகி உருவி, உள்ளங்கையில் விழுகிற நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, எந்தப் பக்கத்து நெல், எத்தனை மாதம் கிடந்தது என்று சொல்லிவிடுவார். அரிசி தெரிந்தால் நெல் தெரியும், நெல் தெரிந்தால் வயல் தெரியும் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். பல் வைத்தியர் பிரசவம் பார்க்கக் கிளம்பின மாதிரி.

அது பாண் ரொட்டிக்கு வரிசை நின்ற காலம். மரவள்ளிக்கிழங்கை அவித்தும் பொரித்தும் அலுத்துப்போய், சோறு என்ற சொல்லுக்கே நாக்கில் நீர் ஊறிய காலம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கடைக்கு வருகிற அரிசி குறைந்துகொண்டே போனது. சொந்தமாக விளைவித்தால் என்ன என்று மாமாவுக்குத் தோன்றியது. ஹேவாஹெட்டப் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே படிபடியாக இறங்குகிற வயல்களில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். வயல்காரர் ஒரு சிங்களப் பெரியவர். முழங்கால் வாதம் வந்து சேற்றில் இறங்க முடியாமல் போனதால் கொடுத்தார்.

கொடுக்கும்போதே அவர் தன் தமிழில் தெளிவாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"மொதலாளி, பெரிய போகம் நெல்லு போடுங்க. சின்னப் போகம் அந்த அம்மாவுக்குக் குடுங்க. அது போஞ்சி போடும். பத்து வருசம் அப்பிடித்தான். அப்பத்தான் நெல்லு நல்லா வாறது."

"ஹரி, ஹரி" என்றார் மாமா, சரி, சரி என்று சிங்களத்தில். யாராவது சொல்வதைக் கேட்காமல் இருக்க வேண்டுமானால் அவர் அப்படித்தான் சொல்வார்.

அந்த மலைகளில் வருஷத்துக்கு இரண்டு போகம். ஐப்பசி மழைக்கு விதைத்து பங்குனியில் அறுப்பது பெரும்போகம். சித்திரையில் தொடங்கி ஆவணியில் முடிவது சிறுபோகம். சிறுபோகத்தில் அந்த வயலை எடுத்துப் போஞ்சி போட்டு வந்தவர், மேல் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த ஒரு பெண். பகலில் கொழுந்து பறிப்பார். கொழுந்து நிறுத்துக் கொடுத்ததும் நேரே வயலுக்கு இறங்கிவிடுவார். முப்பத்தைந்து வயதிருக்கும். வயலில் கிடைக்கிற போஞ்சிக்காயைக் கண்டிச் சந்தைக்கு அனுப்பித்தான் மகளைப் பள்ளிக்கு வைத்திருந்தார். புருஷன் செத்தானா, விட்டுப் போனானா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. 'போஞ்சிக்காரி' என்று ஒரு பெயர் வைத்தோம். அதற்கு மேல் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று நினைத்தோம்.

மாமாவுக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். மூன்று பேருக்கும் அட்டைக்குப் பயம். அதனால் வயலுக்கு என்னைக் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயது. சேற்றில் நடக்க எனக்கென்று ஒரு சோடி சிவப்பு ரப்பர் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். முழங்கால் வரை வரும். உள்ளே புது டயர் மணம் அடிக்கும். நடந்தால் தவளை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கண்டியில் வேறு எந்தப் பெண் பிள்ளைக்கும் அப்படி ஒன்று இல்லை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் பழைய காரில், முன் சீட்டில், அந்தச் சப்பாத்தோடு உட்கார்ந்து போவேன். என்னைப் பார்த்து உங்களில் சிலர் வயிறெரிந்ததும் எனக்குத் தெரியும்.

முதல் தடவை போனபோது புரட்டாதி மாதம். கடைசிப் போஞ்சி ஆய்ந்து முடிந்திருந்தது. கம்புகளைப் பிடுங்கி வரம்போரம் சாய்த்துவிட்டு, அந்தப் பெண் வயலுக்குத் தண்ணீர் திறந்து, கொடியையும் வேரையும் கத்தியால் வெட்டிச் சேற்றுக்குள் மிதித்துக்கொண்டிருந்தார். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார். அழுகின இலை நாற்றமும் பச்சை வாசமும் கலந்து வந்தன.

"அதையெல்லாம் ஏன் புதைக்கிற? அள்ளி வெளிய போடு" என்றார் மாமா.

அந்தப் பெண் குனிந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கழுவிக் காட்டினார். வேர் முழுக்கக் கடுகும் மிளகுமாகச் சின்னச் சின்ன முடிச்சுகள்.

"இந்த முடிச்சுதான் மொதலாளி நெல்லுக்குச் சாப்பாடு. இது உள்ள போச்சுன்னா அடுத்த நெல்லு தானா எந்திரிக்கும். உரம் பாதி போட்டாப் போதும்."

மாமா கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "வேர்ல சொறி புடிச்சுக் கெடக்கு. இது சாப்பாடாம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரித்தால் சிரிப்பதுதான் முன் சீட்டுக்கு நான் கொடுத்த விலை.

அந்தப் பெண் வேரைச் சேற்றில் போட்டு மிதித்தார்.

ஐப்பசியில் மாமா ஆள் வைத்து நெல் விதைத்தார். பங்குனியில் அறுத்தார்கள். வயல்காரர் வீட்டின் பின்பக்கம் நெல் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. ஒரே கதவு, எதிர்ச் சுவரில் மரக்கம்பி போட்ட சின்ன ஜன்னல். சூடடித்த நெல்லைக் கொட்டக் கொட்டக் குவியல் ஏறியது. ஜன்னல் பாதி மறைந்தது, பிறகு முழுதும் மறைந்தது, அறை இருட்டாகிவிட்டது. நான் குவியலின் உச்சியில் ஏறிக் கூரையைக் கையால் தொட்டேன். சுணை பட்டுக் கழுத்தெல்லாம் அரித்தது. புது நெல்லின் சூடு உள்ளங்காலில் ஏறியது. வயல்காரரே பார்த்துவிட்டு, இவ்வளவு எப்போதாவதுதான் வரும் என்றார்.

மாமாவைக் கேட்க வேண்டுமா? கண்டியில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு. "மொத தடவ. மொத தடவயிலேயே! வயக்காட்டானுங்க தலமுற தலமுறயா என்னத்தப் புடுங்கினானுங்கன்னு தெரியல." என் அப்பாவும் அதைத் திரும்பச் சொன்னார். அப்பா நகரசபையில் கிளார்க். சொந்தமாக ஒரு கருத்து வைத்திருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அலுவலகத்தில் மேலதிகாரியின் கருத்து, வீட்டில் மச்சானின் கருத்து. கையெழுத்து மட்டும் அழகு.

பங்குனிக் கடைசியில் அந்தப் பெண் மண்வெட்டியும் விதைப் போஞ்சியுமாக வயலுக்கு வந்தார். மாமா வரம்பில் நின்றார்.

"இந்த வருஷம் போஞ்சி இல்ல. திரும்ப நெல்லுதான்."

"சின்னப் போகத்துல நெல்லு வேணாம் மொதலாளி. மண்ணு காயணும். காஞ்சு காத்து போகணும். நெல்லுக்கு மேல நெல்லு போட்டா மண்ணுல ஒண்ணும் நிக்காது. பூச்சிக்கும் சாப்பாடு அறாது, அங்கேயே குடியிருக்கும்."

"ஒனக்குப் போஞ்சி வேணும். அதுக்கு மண்ணு மேல பழியப் போடாத."

"எனக்கு வேணுந்தான்" என்றார் அவர். "இல்லங்கல. ஆனா நெல்லுக்கும் வேணும்."

இந்த நேர்மையைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை. தனக்கு ஆதாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டே உண்மை பேசுகிற மனுஷியை அவர் கடையில் பார்த்ததில்லை. "ஒரு கொழுந்து பறிக்கிறவ எனக்கு நெல்லப் பத்தி சொல்றா" என்று காரில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தலாத்துஓயா வரை அடங்கவில்லை.

சிறுபோகத்திலும் நெல் விதைத்தார். உரத்தை இரண்டு பங்காகக் கொட்டினார். இலை கரும்பச்சையாக, பார்க்க அழகாக வளர்ந்தது. மாமா அதன் நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார். நினைவு மலரின் இரண்டாம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. நீங்களே பார்க்கலாம். ஆவணியில் அறுத்தபோது கதிரில் பாதி பதர். தூற்றினால் காற்றோடு போனது. அறையில் குவியல் ஜன்னலின் அடிக்கட்டை வரைக்கும்தான் வந்தது. அறைக்குள் வெளிச்சம் இருந்தது. நான் ஜன்னலில் உட்கார்ந்து காலை நெல்லுக்குள் விட்டு ஆட்டினேன்.

"சின்னப் போகம்னா அப்பிடித்தான். தண்ணி பத்தல" என்றார் மாமா. "பெரிய போகத்துல பாருங்க."

பெரும்போகத்தில் பார்த்தோம். தை பிறந்தபோதே வயல் மஞ்சளித்துவிட்டது. இலையில் கபில நிறப் புள்ளிகள். தாளின் அடியைப் பிரித்தால் கபில நிறப் பூச்சி, கொத்துக் கொத்தாக. தொட்டால் கையில் துள்ளும். நடு வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் கருகிச் சாய்ந்தது, யாரோ கொதிநீர் ஊற்றின மாதிரி. பக்கத்து வயல்களில், போஞ்சியும் பயறும் போட்டு எடுத்த வயல்களில், நெல் இடுப்பளவு நின்றது. கண் இருக்கிற எவனுக்கும் தெரியும். வரம்புக்கு அந்தப் பக்கம் ஒரு நிறம், இந்தப் பக்கம் ஒரு நிறம்.

மாமா ஒரு விவசாயப் போதனாசிரியரைக் கூட்டி வந்தார். யாழ்ப்பாணத்து ஆள், இளைஞர், வெள்ளைச் சட்டை. வயலில் இறங்கி, பயிரைப் பிடுங்கி, மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார். வரம்பில் ஏறியதும் நேராகவே சொன்னார்.

"அண்ணை, இது மண் களைச்சுப் போன கேஸ். தொடர்ந்து நெல்லையே போட்டா இப்பிடித்தான் வரும். இடையில ஒருக்கா போஞ்சியோ பயறோ போட வேணும்."

மாமா முகம் போன போக்கைப் பார்த்து அவர் அத்தோடு நிறுத்தினார். பிறகு வயல்காரர் வீட்டுக் கூடத்தில் சாப்பாடு. நாட்டுக் கோழிக் குழம்பு. அந்தப் பஞ்சத்திலும் வெள்ளைச் சோறு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா கேட்டார்:

"போன வருஷம் போஞ்சி வேரைப் பாத்தேன் தம்பி. முழுக்கக் கட்டி கட்டியா இருந்துச்சு. அது ஒரு நோயா இருக்கலாமில்ல? அதுலேருந்து நெல்லுக்கு ஒட்டியிருக்கலாமில்ல?"

அந்த இளைஞருக்கு அந்த முடிச்சு என்னவென்று தெரியாமலா இருக்கும்? அது தெரியாமல் யாரும் போதனாசிரியர் பரீட்சையில் தேறியிருக்க முடியாது. நானே பிற்பாடு பேராதனைப் பக்கம் ஒரு விவசாய அலுவலகத்தில் தட்டெழுத்து வேலைக்குப் போனேன். முதல் மாதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காற்றில் இருக்கிற நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிற முடிச்சு அது. அவரைக் குடும்பத்துப் பயிர் எல்லாவற்றின் வேரிலும் உண்டு. அதன் பின்னால் வருகிற நெல்லோ சோளமோ அதைத் தின்றுதான் கொழிக்கும். அந்த இளைஞர் கோழிக் காலைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார்.

"வருத்தமாயும் இருக்கலாந்தான்" என்றார். அவர்கள் ஊரில் நோயை வருத்தம் என்பார்கள்.

ஒரு மனிதனின் படிப்பு முழுவதும் ஒரு கோழிக் காலுக்கு விலைபோனதை நான் பாயில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

மாமாவுக்கு அது போதும். பங்குனியில் மூன்றாவது அறுப்பு. அறையில் நெல் என் முழங்காலுக்கு வந்தது. சிவப்புச் சப்பாத்தின் விளிம்பு மறையவில்லை. அடுத்த வாரமே அப்பா மாமாவுக்காக ஒரு கடிதம் எழுதினார். பள்ளத்தாக்கின் வயல்காரர்கள் எல்லோருக்கும், தமிழிலும் சிங்களத்திலும், அழகான கையெழுத்தில். குறிப்பிட்ட பெண் நோய் கொண்ட போஞ்சி வேர்களை வயல்களில் புதைத்து நெற்பயிரைக் கெடுத்து வருவதாகவும், அவளுக்கு இனி எவரும் வயல் கொடுக்கக்கூடாதெனவும். 'கிருமி வேர்' என்ற சொல்லைப் படைத்தவர் என் அப்பாதான். அவர் வாழ்நாளில் புதிதாகச் செய்த ஒரே காரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வயல்காரர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். ஏழெட்டு வயல்காரர்கள் ஒரு பக்கம். நடுவே கதிரையில் மாமா. பக்கத்து வாங்கில் அப்பாவும் நானும். அந்தப் பெண் எதிரே நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடை, பள்ளிச் சீருடை. நல்ல உடுப்பு அதுதான் போலும்.

மாமா என்னைக் கூப்பிட்டார்.

"பயப்படாமச் சொல்லு. போஞ்சி வேரை இவ வயல்ல புதைச்சத நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"கட்டி கட்டியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

இரண்டும் உண்மை. வயல்காரர்கள் தங்களுக்குள் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். பத்து வருஷமாக அந்தக் கட்டிகளைப் பார்த்தவர்கள்தான் அவர்கள். அந்தக் கட்டிகளின் மேல்தான் நெல் அறுத்தார்கள். ஆனால் கண்டியில் கடை வைத்திருக்கிற மனிதர் கோட்டுப் போட்டு வந்து நோய் என்று சொன்னால், தன் கண்ணைவிட அந்தக் கோட்டை நம்புவதுதான் மரியாதை என்று நினைத்தார்கள்.

அந்தப் பெண் பேசினார். குரல் உயரவே இல்லை. "புதைச்சேந்தான். வருசா வருசம் புதைச்சேன். அதுக்கப்புறம் வந்த நெல்ல நீங்கதானே அறுத்தீங்க?"

வயல்காரர்கள் மாமாவைப் பார்த்தார்கள். அப்போது அந்தச் சிறுமி அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"மொதலாளி மொதல்ல போட்ட நெல்லு எங்க போஞ்சிக்கு அப்புறம் போட்டதுதானே? அது நல்லாத்தானே வந்துச்சு? ரூம்பு நெறஞ்சுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க."

"அது உரம் போட்டதுல வந்துச்சு" என்றார் மாமா. "சின்னப் புள்ள சும்மா நில்லு."

அவள் சும்மா நிற்கவில்லை. நேரே என்னைக் கை காட்டினாள். "இவங்ககிட்டக் கேளுங்க. இவங்க அந்த ரூம்புக்குள்ள வெளாண்டாங்க. மொத நெல்லு எவ்வளவு இருந்துச்சு, கடைசி நெல்லு எவ்வளவு இருந்துச்சுன்னு இவங்களுக்குத் தெரியும்."

முற்றம் முழுவதும் என்னைப் பார்த்தது. வயல்காரப் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "சொல்லு மகளே, தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியும். தோழிகளே, அந்த முற்றத்தில் என்னைவிடத் தெளிவாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இருட்டின அறை தெரியும். ஜன்னலில் உட்கார்ந்தது தெரியும். முழங்கால் தெரியும். போஞ்சிக்குப் பின்னால் வந்த நெல், நெல்லுக்குப் பின்னால் வந்த நெல், அதற்கும் பின்னால் வந்த நெல். ஒரு பத்து வயதுப் பிள்ளை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், காரில் சிரிக்கிற மாதிரி.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

அந்தச் சிறுமி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லட்டுமா? கோபமில்லை, அழுகையுமில்லை. சாக்கடையில் விழுந்து எழுந்த ஆளைப் பார்ப்பது போல ஒரு அருவருப்பு. பிறகு திரும்பிப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மலைப்பாதையில் ஏறிப் போனார்கள்.

வரும்போது காரில் மாமா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அப்பா பின் சீட்டிலிருந்து குனிந்து என் காதருகே சொன்னார்: "ஞாபகம் இல்லன்னு சொன்னது நல்லதாப் போச்சு." அப்போதுதான் அப்பாவுக்கும் எல்லாம் தெரியும் என்று எனக்குப் புரிந்தது. அவரும் அந்த அறையை மூன்று முறை பார்த்தவர்தானே. தெரிந்துகொண்டேதான் அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார். அவர்மேல் அதற்குப் பிறகு எனக்கு மரியாதை வரவில்லை. அவர் சாகும்போதும் வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

பிறகு நடந்தது இதுதான். பள்ளத்தாக்கில் யாரும் அந்தப் பெண்ணுக்கு வயல் கொடுக்கவில்லை. கிருமி வேருக்குப் பயந்து எல்லோரும் சிறுபோகத்திலும் நெல்லே போட்டார்கள். ஒரே வருஷத்தில் பள்ளத்தாக்கு முழுக்க மாமாவின் வயல் நிறத்துக்கு வந்தது. மாமா குத்தகையை விட்டுவிட்டு, 'அந்தப் பக்கத்து மண்ணே சரியில்லை' என்று கடைக்குத் திரும்பினார். என் சிவப்புச் சப்பாத்து சிறுத்துப்போய், யாருக்குக் கொடுத்தோம் என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண் மலைக்கு அந்தப் பக்கம், போக ஒரு மணி, வர ஒரு மணி நடந்து, ஒரு துண்டு மேட்டு நிலத்தில் போஞ்சி போட்டாராம். கடைசியில் வயல்காரப் பெரியவரே தடியை ஊன்றிக்கொண்டு லயத்துக்கு ஏறிப்போனார். திரும்ப வந்து போஞ்சி போடச் சொன்னார். அந்தப் பெண் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "எந்த முத்தத்துல என்னய நோய்க்காரின்னு சொன்னீங்களோ, அதே முத்தத்துல, அதே ஆளுங்க முன்னால இல்லன்னு சொல்லுங்க" என்றாராம். பெரியவர் சொன்னார். ஏழெட்டுப் பேரையும் கூட்டி வைத்து, தன் வாயால், நின்றுகொண்டே சொன்னார். இந்தக் கதையில் நான் இகழாத ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான். அதற்கு அடுத்த பெரும்போகத்தில் அந்த அறை மறுபடி இருட்டாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

மாமாவும் கேள்விப்பட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான்தான் அவங்களுக்குப் பாடம் கத்துக்குடுத்தேன். நெல்லுக்கு மேல நெல்லு போட்டா என்ன ஆகும்னு நான் போட்டுக் காட்டலன்னா அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" இதைத்தான் வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி, கடைசியில் சுழற்சி முறையே அவர் கொண்டு வந்ததாக ஆகிவிட்டது. மலரில் எழுதியவர் பொய் எழுதவில்லை. மாமா சொன்னதை எழுதியிருக்கிறார். அவ்வளவுதான்.

எனக்கு முப்பத்தைந்து வயதானபோது அந்தப் பெண்ணைக் கண்டிச் சந்தையில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. போஞ்சிக் கூடைகளை லொறியிலிருந்து இறக்குவித்துக்கொண்டு, கூலியாட்களிடம் நல்ல அதட்டலாகப் பேசிக்கொண்டிருந்தார். மகள் ஹேவாஹெட்டப் பக்கமே வயலையும் பார்த்துக்கொண்டு ஒரு பள்ளியில் படிப்பிக்கிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நான் போய் முன்னால் நின்றேன். யாரென்று சொன்னேன்.

"ஓ, அந்தப் பாப்பாவா" என்றார். கூடையைக் கீழே வைத்தார்.

இருபத்தைந்து வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. மாமா எவ்வளவு மட்டமானவர், அப்பா எவ்வளவு கோழை, அந்த அதிகாரி எப்படிக் கோழிக் காலுக்கு விலைபோனார் என்று எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் என் பங்குக்கு வந்தேன்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு அக்கா. சொல்லாம விட்டேன். மன்னிச்சிருங்க. அப்ப எனக்குப் பத்து வயசு."

அவர் ஒரு போஞ்சியை எடுத்து, முற்றலா என்று ஒடித்துப் பார்த்து, திரும்பக் கூடையில் போட்டார்.

"எம் மகளுக்கும் அப்பப் பத்து வயசுதான்" என்றார். பிறகு அடுத்த கூடையை இறக்கச் சொல்லி லொறிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.